மாசி வெயிலில் ஓர் ஆண்டு

காவிரிப்பூம்பட்டினத்தில் ஓர் அகன்ற முற்றம். உணவுப் பண்டம் காய்ந்துகொண்டிருக்கிறது. கொத்த வந்த கோழியை விரட்ட, காவலிருந்த பெண் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி வீசுகிறாள். அது போய் விழுந்த இடத்தில், சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேர் தட்டி நிற்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் இந்தக் காட்சியை வைத்தது சோழநாட்டுச் செல்வத்தைச் சொல்ல. குழையின் விலையை ஒதுக்கிவிட்டால், அங்கே இருப்பது இருபதாம் நூற்றாண்டு வரை எந்தத் தமிழ் ஊரிலும் கண்ட காட்சிதான்: வெயிலில் பண்டம், காவலுக்கு ஒரு பெண், காலைச் சுற்றிப் பிள்ளைகள்.

அதே புலவரின் பெரும்பாணாற்றுப்படையில் வீட்டுச் சேமிப்பின் வேறு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, ஏணி எட்டாத உயரத்தில் பழைய நெல் நிறைந்து நிற்கும் கூடு. இன்னொன்று, மாவடு ஊறிய காடி. பருவம் இன்னது என்று புலவர் சொல்லவில்லை. ஆனால் பண்டம் காயவைப்பது, நெல்லை அடைப்பது, மாவடு போடுவது ஆகிய மூன்று வேலைகளும் பிற்காலத் தமிழ் வீட்டில் ஒரே காலத்தில் வந்து குவிந்தன. அது பின்பனிக் காலம்.

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, மாசியையும் பங்குனியையும் பின்பனிக்குக் கொடுத்தது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில் வந்துவிடுகிறது. தை பிறந்தபின் மழை ஓய்கிறது. பிப்ரவரியும் மார்ச்சும் ஆண்டிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் மாதங்கள். விடியலில் பனி இருக்கும். எட்டு மணிக்குமேல் வெயில் சுள்ளென்று ஏறும். பண்டத்தைக் கருக்கும் சித்திரைக் கடுமை இன்னும் வந்திருக்காது. சம்பா நெல் களத்தில் கிடக்கும். துவரை காய்ந்து வெடிக்கும். புளியம்பழம் ஓடு தளர்ந்து தொங்கும். மாமரத்தில் வடு பிடிக்கும். விளைச்சலும் வெயிலும் இப்படி ஒன்றாக வருவது இரண்டு மாதம்தான். அதற்குள் அடுத்த தை வரைக்குமான சாப்பாட்டை உள்ளே எடுத்து வைத்தாக வேண்டும்.

முதலில் நெல்லுக்கு இடம் வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் வசதியான வீடுகளில் அது மரப்பலகைகள் கோத்த பத்தாயம். மற்ற ஊர்களில் மண்ணால் செய்த குதிர். தெற்கே அதற்குக் குலுக்கை என்று பெயர். களிமண்ணில் வைக்கோலைக் கலந்து பிசைந்து வளையம் வளையமாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கை மண்ணால் பூசுவார்கள். மேல் வழியாக நெல்லைக் கொட்டி மூடி மெழுகிவிட்டால், அடியில் இருக்கும் சிறு துளை வழியாகத்தான் எடுக்க முடியும். பழைய நெல் முதலில் செலவாக இதுவே ஏற்பாடு. பூச்சி அண்டாமலிருக்க வேப்பிலையும் நொச்சித் தழையும் இடையிடையே போட்டார்கள். விதைநெல்லை வைக்கோல் பிரியில் சுற்றிக் கோட்டை கட்டி, சாணமும் மண்ணும் பூசித் தனியே வைத்தார்கள். வயிறு காய்ந்தாலும் அதில் கை வைப்பதில்லை. ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று பிள்ளை உளறிய பழமொழி ஒளிந்தவனைக் காட்டிக்கொடுத்ததோடு, ஓர் ஆள் நிற்கக்கூடிய குதிர் வீட்டுக்குள் இருந்ததையும் சொல்லிவைத்திருக்கிறது.

நெல் உள்ளே போனதோடு வேலை முடிந்ததா என்றால், பெண்களுக்கு அங்கேதான் தொடங்கியது. புழுங்கல் அரிசி வீட்டிலேயே ஆனது. நெல்லை இரவெல்லாம் ஊறவைத்து, பெரிய அண்டாவில் ஏற்றி, உமி வாய் திறக்கும்வரை அவிப்பார்கள். பிறகு களத்திலோ வாசலிலோ பரப்பி, காலால் கோடு கிழித்துப் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். பதம் தப்பக் கூடாது: ஈரமிருந்தால் பூசணம் பிடிக்கும், மிஞ்சிக் காய்ந்தால் குத்தும்போது நொறுங்கும். ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துத்தான் அள்ளினார்கள்.

பிறகு உரலும் உலக்கையும். இருவர் மாற்றி மாற்றிக் குத்துவார்கள்; ஒருத்தி புடைப்பாள். வீட்டு ஆட்கள் போதாத இடத்தில் கூலிக்கு வந்த பெண்கள் குத்தினார்கள். அவர்களுக்கு நொய்யும் தவிடும் கூலியில் சேர்ந்தன. உமி அடுப்புக்கும் பல் துலக்கும் கரிக்கும் போனது, தவிட்டின் பெரும்பகுதி மாட்டுத் தொட்டிக்கு.

இந்த வாசல் வேலையின் பெறுமதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலுக்கு அப்பால் மலாயாவில் தெரியவந்தது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சடைத்துச் சாகவைக்கும் பெரிபெரி நோய் அங்கே சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. அதே நாட்டில் உழைத்த தமிழர்களை அது அரிதாகவே தொட்டது. லெனார்ட் பிராடன் என்ற மருத்துவர் இரு தரப்பின் சோற்றையும் பார்த்தார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல். 1905இல் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இதைச் சோதித்தார். பச்சரிசிச் சோறு பெற்ற 120 பேரில் 43 பேருக்கு நோய் வந்து, 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி பெற்ற 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய்; அந்த இருவரும் விடுதிக்கு வரும்போதே அதைக் கொண்டுவந்தவர்கள்.

காரணம் பின்னால் தெரிந்தது. உமியோடு ஊறி அவியும்போது, தவிட்டுப் படலத்திலும் முளையிலும் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசனும், 1935இல் அவருக்குப் பின் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற வாலஸ் அய்க்ராய்டும் அரிசியையும் பெரிபெரியையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் அந்த நோய் தங்கியிருந்தது, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடகோடித் தெலுங்கு மாவட்டங்களில். புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. அண்டாவில் நெல் அவித்தவர்கள் நினைத்தது அரிசி உடையக் கூடாது, வண்டு பிடிக்கக் கூடாது என்பதை மட்டுமே.

நெல்லுக்கு அடுத்தது புளி. ஆள் மரமேறி உலுக்க, கீழே பெண்களும் பிள்ளைகளும் பொறுக்குவார்கள். ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்து, கல்லுப்புப் போட்டுப் பிசைந்து உருண்டையாக்கிப் பானையில் அடைத்தால் ஓராண்டுக்குக் கெடாது. நாள்பட நிறம்தான் கறுக்கும். புளி தட்டுவது பகல் வேலையும் இரவு வேலையுமாக வாரக்கணக்கில் இழுக்கும். பக்கத்து வீட்டார் கூடி உட்கார்ந்து ஊர்க்கதை பேசியபடி இதைச் செய்தார்கள். மிஞ்சிய கொட்டை பல்லாங்குழிக்கும், வறுத்துத் தின்னவும், பசை காய்ச்சவும் ஆனது.

புதுத் துவரைக்குச் செம்மண். மண்ணைக் கரைத்துத் துவரையில் பிசறி வெயிலில் காயவைத்தால் தோல் விட்டுக்கொடுக்கும், பூச்சியும் அண்டாது. பிறகு திருகையில் உடைத்துப் புடைப்பார்கள். சேமிக்கும் பருப்பில் விளக்கெண்ணெய் தடவுவதும் இதே காலத்து வேலை.

மாசி என்றதும் பலருக்கும் நினைவில் வருவது வற்றலும் வடாமும். கத்தரி, கொத்தவரை, அவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி என்று கையில் கிடைத்த காய் எல்லாம் மோரிலும் உப்பிலும் ஊறி வெயிலுக்குப் போயின. விடியலுக்கு முன்பே அரிசிக்கூழ் கிண்டி, பழைய வேட்டியை விரித்து, வெயில் ஏறுமுன் பிழிந்து முடித்துவிடுவார்கள். காக்காய்க்கு ஒரு கறுப்புக் குடை, குடையடியில் ஒரு பிள்ளை. பாதி காய்ந்த வடாத்தில் ஒரு பங்கு அந்தக் காவலுக்கே கூலியாகிவிடும். நாற்புறமும் உள்ள வீடுகளில் யார் எப்போது பிழிகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அடுத்தவர் கூழ் வைத்தார்கள். ஒருவர் வீட்டில் ஆள் குறைந்தால் மற்றவர் கை கொடுத்தார்.

தொன்று தொட்டு வந்தது என்று தோன்றும் இந்தப் பண்டங்களில் பல, வீட்டுக்குப் பிந்தி வந்தவை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில். ஆகவே மோர்மிளகாயின் வயது ஐந்நூறு ஆண்டுக்குள்தான். பெரும்பாணாற்றுப்படையின் அடுக்களையில் காரம் தந்தது மிளகு. ஜவ்வரிசி இன்னும் இளையது. மலாயாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி இரண்டாம் உலகப்போரில் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார். போர் முடிந்தும் தொழில் நிலைத்தது. 1981இல் உற்பத்தியாளர்கள் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. பாட்டி காலத்துப் பக்குவமாகச் சொல்லப்படும் ஜவ்வரிசி வடாம் பெருவாரியான வீடுகளுக்கு வந்தது இந்தச் சேலத்து ஆலைகள் வழியாகத்தான்.

தாளிப்பு வடகம் வேறு வழியில் போனது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம் எல்லாம் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலில் காயவைத்து மறுநாள் பிசைந்து மீண்டும் உருட்டுவது தஞ்சையிலும் வட ஆற்காட்டிலும் புதுச்சேரியிலும் வழக்கம். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் அதன் மணத்தை விடவில்லை. வடுவான் என்ற பெயரில் அது இன்றும் பிரெஞ்சுச் சமையலில் ஒரு மசாலா.

அப்பளத்துக்குக் கைத்திறன் கூடுதல். உளுந்து மாவில் பிரண்டைச் சாறு, பெருங்காயம், சீரகம், உப்பு, அப்பளக்காரம் சேர்த்து உலக்கையால் இடித்து இடித்து மாவை இழுபடும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 1910களில் திருவண்ணாமலை விரூபாக்ஷ குகையில் ரமணரிடம் வந்து தங்கிய தாயார் அழகம்மாள், அப்பளம் இடத் துணைக்கு வரும்படி மகனை அழைத்தார். மகன் அப்பளக் குழவியை எடுப்பதற்குப் பதில் ‘அப்பளப் பாட்டு’ பாடிக் கொடுத்தார். மாவு இடிப்பது, பிரண்டைச் சாறு விடுவது, பொரிப்பது என்று ஒவ்வொரு படியையும் ஆன்ம விசாரத்தின் படியாக்கிய பாட்டு அது. துறவியின் குகையிலும் தாய் வந்து சேர்ந்ததும் அப்பளம் இட நினைத்தது, அந்த வேலை ஒரு பெண்ணின் ஆண்டுக்கணக்கில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்குச் சான்று. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மறுமணமும் வெளிவேலையும் மறுக்கப்பட்ட கைம்பெண்களுக்கு, அடுத்த வீட்டுக்கு அப்பளம் இட்டுக் கொடுப்பது கையில் காசு தந்த சில வேலைகளில் ஒன்று.

பனை நாட்டில் பின்பனியின் முகம் வேறு. யாழ்ப்பாணத்தில் தை மாசியில் பனங்கிழங்கைக் கிளறி எடுத்து, பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். நெல் விளைச்சல் போதாத தீபகற்பத்தில் ஒடியல் மா கூழாகவும் பிட்டாகவும் ஆண்டு முழுக்க வயிற்றைத் தாங்கியது. பங்குனியில் வேம்பு பூத்ததும் வேப்பம்பூ வடகம். இப்பால் தூத்துக்குடி, இராமநாதபுரம் கரையோரத்தில் மாசி பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கும். குடும்பமே பனங்காட்டுக்குக் குடிபெயர்ந்து விடிலி என்ற ஓலைக் குடிசையில் அடுப்பு மூட்டும். ஆண் நாளுக்கு இருவேளை மரமேறுவான். பெண் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பாள். அங்கே இந்தப் பருவம் சேமிக்கும் காலத்தைவிடச் சம்பாதிக்கும் காலம்.

விழாக்களும் வேலையை ஒட்டியே வந்தன. மழை ஓய்ந்தபின் தட்டிக் காய்ந்த வரட்டி, மகா சிவராத்திரியில் உமியோடு மூட்டம் போடப்பட்டு, ஆண்டுக்கு வேண்டிய திருநீறாயிற்று. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் வரும் காரடையான் நோன்புக்குப் புது அரிசி மாவும் காராமணியும் வெல்லமும் சேர்ந்து அடையாகும், பக்கத்தில் உருகாத வெண்ணெய். குதிருக்குள் புதிதாகப் போனவை இலைக்கு வருவது அந்த நோன்பில்.

ஆனால் எல்லா வீட்டிலும் குதிர் இல்லை. கூலியை நெல்லாக வாங்கிய பண்ணையாள் குடும்பத்தின் சேமிப்பு அடுக்குப் பானைகளில் முடிந்தது. தை அறுவடையில் மரக்கால் கணக்கில் அளந்த நெல், ஆடிக்கு முன்பே தீர்ந்துவிடும். பிறகு மிராசுதாரிடம் கடன் நெல். அடுத்த அறுவடைக் களத்தில் அது வட்டியோடு பிடிக்கப்படும். மாசியில் அந்த வீட்டுப் பெண் நெல் அவித்தாள், குத்தினாள், புளி தட்டினாள். பெரும்பாலும் இன்னொருவர் வீட்டு வாசலில். 1952இல் ராஜாஜி ஆட்சியில் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அறுவடைப் பங்கையும் கூலியையும் வரையறுத்தது. சட்டம் வந்தும் அளவைத் தகராறு ஓயவில்லை. கூலி நெல்லை உயர்த்தக் கேட்ட போராட்டத்தின் நடுவேதான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

வாசலிலிருந்து முதலில் விலகியது உலக்கை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊருக்கு ஊர் ரைஸ் மில் முளைத்தது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் பெரும் பிரசாரம் செய்தது. அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. மில் சத்தை மட்டும் உரிப்பதில்லை, கிராமத்துப் பெண்ணின் கூலியையும் பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். 1958இல் மத்திய அரசு கொண்டுவந்த அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், புது ஆலைக்கு அனுமதி தருமுன் கைக்குத்தல் வேலை எவ்வளவு பாதிக்கும் என்று பார்க்கச் சொன்னது. சட்டம் ஏட்டில் இருக்க, மில் ஓடியது. அரிசி குத்திய பெண்களில் பலரே அதை வரவேற்றார்கள். உலக்கை பிடித்த கைக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

நாள்காட்டியும் மாறியது. 1934இல் திறந்த மேட்டூர் அணை டெல்டாவில் இரு போகத்தை விரித்தது. 1960களில் ஏடிடி 27, ஐஆர் 8 போன்ற குறுகிய கால நெல் வகைகள் வந்தபின் அறுவடை தையோடும் மாசியோடும் கட்டுண்டு கிடக்கவில்லை. போர்க்காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடு 1952இல் நீங்கியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. அதன்பின் களத்து நெல் வீட்டு வாசலை மிதிக்காமலே கொள்முதல் நிலையத்துக்குப் போனது. புழுங்கலாகி ரேஷன் கடை வழியே பையில் திரும்பி வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை நிரம்பிய இடம் மாதத்துக்கு ஒருமுறை நிரம்பும் டின்னாகச் சுருங்கியது. குதிரே இல்லாத குடும்பத்துக்கோ இது பெரிய விடுதலை: ஆடி மாதத்திலும் அரிசி கிடைத்தது, அதற்கு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

வீட்டுப் பக்குவங்கள் இதே ஆண்டுகளில்தான் அச்சேறின. மாமியாரிடமும் தாயிடமும் கேட்டுச் செய்த வடாமும் ஊறுகாயும், எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தபின் அளவோடும் வரிசையோடும் புத்தகத்தில் கிடைத்தன. வேலைக்காகச் சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் பெயர்ந்த தனிக்குடித்தனங்களுக்கு அது பக்கத்து வீட்டு மாமியின் இடத்தை நிரப்பியது. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லை ஓரங்கட்டியது. 2011இல் மாநில அரசு மிக்சியையும் கிரைண்டரையும் விலையின்றிக் கொடுக்கத் தொடங்கியபோது, அம்மியும் உரலும் பல வீடுகளில் கொல்லைக்குப் போயிருந்தன.

வீட்டை விட்டு வெளியேறிய வேலை எங்கே போனது? சந்தைக்கு. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடனோடு மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். லிஜ்ஜத் ஆக வளர்ந்த அந்த முயற்சி முதல் ஆண்டிலேயே மழையில் நான்கு மாதம் நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, அப்பளத்தைக் கட்டில்மேல் பரப்பி, அடியில் அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். தமிழ்நாட்டிலும் தாமிரபரணிக் கரையில் கல்லிடைக்குறிச்சியும், மதுரையும் அப்பளத்துக்குப் பெயர் பெற்றன. இன்று மகளிர் சுய உதவிக் குழுக்களின் வற்றலும் வடகமும் உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட பொட்டலத்தில் ஆண்டு முழுக்க விற்கின்றன.

பொட்டலம் ஆண்டு முழுக்கக் கிடைத்தாலும், அதைச் செய்பவர்களில் பலருக்கு உலர்த்தும் இயந்திரம் இன்னும் வாசல் வெயில்தான். மாசி பங்குனியில் கல்யாண ஆர்டர்கள் குவியும்போது, விடியலில் தொடங்கி இருட்டும்வரை இடுவார்கள். கூலி எண்ணிக்கைக்கு. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் இட்டதைக் காயவைக்க முடியாது, வேலை நிற்கும், கூலியும் நிற்கும். அந்த மழை மாதங்களைக் கடக்கத்தான் ஒரு காலத்தில் குதிரும் சாடியும் நிரப்பினார்கள்.